லில்லோ வாங்கிய எஃகுக் குமிழ்

கியர்க் குமிழ் வாங்கப் போனவன் வண்டியைப் பார்த்து வாங்கியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. என் புருஷன் லில்லோ என் அண்ணனைப் பார்த்து வாங்கினான். அதனால்தான் ஊரே இன்றைக்கும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் வீட்டில் மட்டும் இப்படி ஒருத்தன் இல்லாமலா இருப்பான்?

பழைய குமிழைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ரப்பர் உறை போட்டது. எங்கள் பக்கத்து வெயிலும் லில்லோவின் எண்ணெய்க் கையும் சேர்ந்து அதைத் தார் மாதிரி இளக்கிவிட்டன. தொட்டால் ஒட்டும், ஒட்டினால் கறுப்பு. ஊர்த் திருவிழா அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கிய கையோடு போய் மேயரின் கையைக் குலுக்கினான். மேயர் அதே கையால் தன் வெள்ளைக் கோட்டை நீவி விட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் அண்ணன் மொம்மோவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மேயர் ஐயா, பயப்படாதீங்க. அது அழுக்கு இல்ல, என் மச்சான் ஆட்டின எண்ணெய்" என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லில்லோவின் காது மடல் சிவந்துவிட்டது. என்னைத்தான் பார்த்தான், ஏதோ அண்ணனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்த மாதிரி.

இந்தப் பகை எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா தன் ஆலிவ் தோப்பை இரண்டாகப் பிரித்து மேல்பாதியை எனக்கும் கீழ்பாதியை அண்ணனுக்கும் எழுதி வைத்தாள். ஒரே மரம், ஒரே மண், ஒரே காற்று. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த விருந்தில் லில்லோ பெருமையாக எங்கள் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். அண்ணன் ரொட்டியில் ஊற்றினான், மோந்து பார்த்தான், கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டான். "மச்சான், இத மாதா சிலைக்கு முன்னால விளக்குல ஊத்து. நல்லா எரியும்" என்றான். ஐம்பது பேர் முன்னால்! மரமும் மண்ணும் ஒன்று என்றால் குறை எங்கே இருக்கிறது? லில்லோவின் கையில் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு எழுந்து வந்தவன்தான். அப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தாலும் "உன் அண்ணன்கிட்ட சொல்லு", "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று நடுவில் என்னைத் தபால்காரியாக்கினார்கள்.

மேயர் கோட்டு கறுப்பான மறுநாளே "கிளம்பு, நாப் வாங்கணும்" என்றான் லில்லோ.

யானோவின் கடை கத்தானியா சாலையில், டயர் கடையை ஒட்டி இருக்கிறது. ஸ்டியரிங் உறை, சீட் உறை, கண்ணேறு படாமல் தொங்கவிடும் சிவப்புக் கொம்பு, எல்லாம் அங்கேதான். கியர் குமிழுக்கென்று யானோ ஒரு நீளப் பலகை வைத்திருக்கிறான். பலகையில் வரிசையாகக் கம்பிகள் நட்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ் மாட்டியிருப்பான். பிடித்து ஆட்டிப் பார்த்து வாங்கலாம். எரிமலைக் கல்லில் கடைந்தது, சிவப்பு நூல் தைத்த தோல் போட்டது, கண்ணாடிக்குள் கடல்குதிரை செத்துக் கிடக்கிற மாதிரி ஒன்று. அதை எவன் வாங்குவான் என்று கேட்டேன். "போன வாரம் ஒரு பாதிரியார் வாங்கினார்" என்றான் யானோ.

எனக்குப் பிடித்தது ஆலிவ் கட்டையில் செய்தது. ரேகை ஓடின கட்டை, பூனைத் தலை அளவுக்குக் கைக்கு அடக்கமாக, சூடும் ஏறாது குளிரும் ஏறாது. வண்டி எனக்கும் சேர்த்துத்தான். நானும் ஓட்டுகிறேன், இவனைவிட நன்றாகவே ஓட்டுகிறேன்.

"இது நல்லா இருக்கு" என்றேன்.

"ஆமா, வருஷம் பூரா அந்த மரத்தோட மல்லுக்கட்டுறது பத்தாதுன்னு வண்டியிலயும் அதையே புடிச்சுத் திருகணுமாக்கும்" என்றான் லில்லோ. அவன் கண் பலகையின் கடைசியில் இருந்த ஓர் உருண்டையின்மேல் இருந்தது. முழு எஃகு. பில்லியர்ட்ஸ் பந்தைவிடக் கொஞ்சம் பெரிது, முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

யானோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "உங்க வண்டி வளையம் வச்சதுல்ல?" என்று கேட்டான்.

"என்ன வளையம்?"

"லில்லோ, ரிவர்ஸ் போடும்போது நாபுக்குக் கீழ ஒரு வளையத்த ரெண்டு விரலால மேல தூக்குவல்ல, அது. தூக்கினாத்தான் ரிவர்ஸ் விழும். இந்தக் கட்டை நாப்ல அதுக்கு இடம் விட்டுக் கடைஞ்சிருக்கேன். இந்த எஃகு உருண்டையில இடம் கிடையாது. மாட்டினா வளையத்து மேலயே உக்காந்துக்கும், தூக்க முடியாது."

"மொம்மோ வண்டியில உருண்டைதான மாட்டியிருக்கான்?"

அதுதானே பார்த்தேன். அண்ணன் பேரை அவன் வாயால் நாலு வருஷத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அது பழைய வண்டி. அதுல வளையமே கிடையாது. வலது பக்கம் தள்ளிக் கீழ இழுத்தா ரிவர்ஸ். அதான் அலுமினிய உருண்டை மாட்டிக் கொடுத்தேன்" என்றான் யானோ.

"அலுமினியம்!" லில்லோ சிரித்தான், சிரிப்பா அது. "காப்பிக் கெட்டில் பண்ற சாமான். இது எஃகு, எடையப் பாரு." கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"லில்லோ, அந்த ஆள் சொல்றது காதுல விழுதா இல்லியா? வளையத்துக்கு இடம் இல்லியாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவ? வண்டி என்ன உன் அண்டர்வேரா, நீ மட்டும் பாத்துக்க?"

யானோ சிரிப்பை அடக்க இருமினான். லில்லோ என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "பொட்டலம் கட்டு" என்றான். அவ்வளவுதான். இந்த வீட்டில் முடிவு எடுக்கிற அழகு எப்போதும் இப்படித்தான்.

அன்று சாயங்காலம் கொட்டகையில் ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது. அறுவடை ஆரம்பித்திருந்த நேரம். எனக்கு வலைகளைத் தைக்கவே நேரம் போதவில்லை. "என்ன அறுக்குற?" என்று கத்தினேன். "வேலையப் பாரு" என்று உள்ளிருந்து பதில் வந்தது. பார்த்தேன், என் வேலையைத்தான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வண்டியை அவன்தான் ஓட்டினான். நான் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை தோப்பில். ஆனால் கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? ஒன்றிரண்டு விஷயங்கள் எனக்கு விசித்திரமாகப் பட்டன. வாசலில் நிறுத்துகிறவன் நீரூற்று மேட்டில், வண்டியின் மூக்கு மேலே தூக்கியபடி, நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ரொட்டிக் கடைக்குப் போய்த் திரும்புகிற இடத்தில் திரும்பாமல், கல்லறைத் தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாம் சுற்றிக்கொண்டு ஊர்வலம் மாதிரி வந்தான். "என்ன, புது நாப்ப ஊருக்கெல்லாம் காட்டிட்டு வர்றியா?" என்று கேட்டேன். "ஆமா" என்றான். நம்பிவிட்டேன்! அந்த மினுக்கலுக்கு அதுவும் செய்வான் என்று நினைத்தேன்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. பறித்த காய்கள் பெட்டிகளில் அப்படியே கிடந்தன. ஆலையில் அன்றன்று பறித்ததை அன்றன்று ஆட்டினால்தான் எண்ணெய். மழைக்குப் பயந்து எல்லாரும் பறித்துக் கொண்டுவந்ததில் ஆலையில் கூட்டம், எங்களுக்கு முறை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே கதகதவென்று இருந்தது. காய் சூடேறினால் புளிக்கும், புளித்தால் அந்த எண்ணெயை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், சட்டப்படியே விளக்கெரிக்கிற தரம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். என் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. நான் முதுகு ஒடியப் பறித்த காய், என் அம்மா மரத்துக் காய், அவன் வாய்க்கொழுப்பை நிஜமாக்கிவிடுமோ என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

நாலாம் நாள் ஆலைக்கார ஒராட்சியா போன் பண்ணினாள். "மத்தியானம் உங்க முறை. நேரத்துக்கு வந்து எறக்கலைன்னா பெரிய தோட்டக்காரங்க காய ஏத்திடுவேன், அப்புறம் நாளன்னிக்குத்தான். பாத்துக்க பீனா." பீனா என்பது நான்தான்.

பெட்டிகளை ஏற்றினோம். டிக்கி, பின்சீட், என் மடி வரைக்கும். ஆலை பள்ளத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து ஒரே பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு கற்சுவர், ஒரு வண்டி போகிற அகலம். எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவன்தான் பின்வாங்க வேண்டும், ஏறுகிறவனுக்கு வழி. எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும்.

பாதி வழியில் எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது. யாராக இருக்கும்? வேறு யாராக இருந்துவிடப் போகிறது! அண்ணன் மொம்மோவின் பழைய பச்சை வண்டி. காலையிலேயே ஆட்டி முடித்து, டின் டின்னாகப் புது எண்ணெயோடு வருகிறான். இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு நின்றன.

எங்களுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், தோப்பு வாசல் ஒன்று இருக்கிறது. ஒதுங்க நல்ல இடம். அண்ணனுக்குப் பின்னால் ஆலை வரைக்கும் ஒதுங்க இடமே கிடையாது. நியாயம் முழுக்க அவன் பக்கம்.

அண்ணன் ஒரு தடவை ஹாரன் அடித்தான். லில்லோ அசையவில்லை.

"ரிவர்ஸ் எடு" என்றேன்.

அவன் கை அந்த உருண்டையின்மேல் இருந்தது.

"லில்லோ, முறை போயிடும். வீராப்பெல்லாம் அப்புறம் வச்சுக்க. பின்னால எடு."

அண்ணன் என்ஜினை அணைத்தான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, மடியில் ஒரு துணியை விரித்து ரொட்டியை எடுத்தான். புது எண்ணெய் டின்னைத் திறந்து அதில் ஊற்றினான். எங்களைப் பார்த்துக்கொண்டே கடித்து மென்றான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"பீனா!" என்று கத்தினான் அண்ணன். "உன் புருஷன்கிட்ட கேளு, சட்டம் தெரியுமா தெரியாதான்னு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. என் எண்ணெய் டின்னுல இருக்கு. உங்களுதுதான் பெட்டியில வேகுது."

"உன் அண்ணன்கிட்ட சொல்லு, நான் நகர மாட்டேன்" என்றான் லில்லோ, முன்னே பார்த்தபடி. ஆனால் குரலில் வீராப்பு இல்லை. என் மனசில் ஏதோ ஒன்று இடித்தது. குனிந்து பார்த்தேன். உருண்டைக்குக் கீழே வளையம் இல்லை. வளையம் இருந்த பிளாஸ்டிக் குழாயே இல்லை. மொட்டைக் கம்பி.

"எங்க அது?"

"எது?"

"வளையம்டா, வளையம்!"

உதட்டை அசைக்காமல் சொன்னான். "உருண்டை சரியா உக்காரல. அறுத்துட்டேன். அடியில மிச்சம் இருக்கும், குறடால புடிச்சுத் தூக்கிக்கலாம்னு பாத்தேன். அது உள்ள விழுந்துடுச்சு."

"அப்போ ரிவர்ஸ்?"

"இல்ல."

ஐயோ, என் தலையெழுத்தே! ஒரு வாரம். ஒரு வாரமாக இந்த மனுஷன் முன்னால் மட்டுமே போகிற வண்டியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறான். நீரூற்று மேடு, கல்லறைத் தோட்டம், எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் காதோரம் குனிந்து என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. இரண்டு பேருமாக இறங்கித் தள்ளலாம் என்றால் ஏற்றம், அத்தனை பெட்டி, ஓர் அடி நகராது.

"நான் போய் அண்ணன்கிட்ட சொல்றேன். அவன் இறக்கத்துல பின்னால போறது ஒரு பெரிய காரியமா?"

என் மணிக்கட்டைப் பிடித்தான். "சொன்னீன்னா பாரு. வண்டியில ரிவர்ஸ் இல்லன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீன்னா, அப்புறம் நான் உன் புருஷன் இல்ல. எண்ணெய் எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

"எண்ணெய் எக்கேடும் கெட்டுப் போகட்டுமா? நீயா பறிச்ச? மழைக்கு முன்னால ஏணியில தொங்கினது நீயா?"

"பீனா, சொல்லாத."

இதைக் கெஞ்சலாகத்தான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் இறங்கிப் போய் ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பேன்.

கதவு சுவரில் இடித்தது, முழுசாகத் திறக்கவில்லை. ஒருக்களித்து வெளியே வந்தேன். மடியில் இருந்த பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கற்சுவர்மேல் ஏறினேன். தூறலில் கல் வழுக்கியது. அண்ணன் ரொட்டி மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"எங்க போற?"

"ஆலைக்கு."

"தூக்கிக்கிட்டா?"

"பின்ன? ரெண்டு கடாமாடு மாதிரி நீங்க மோதிக்கிட்டு நில்லுங்க. நான் ஒவ்வொரு பெட்டியாத் தூக்கிட்டுப் போறேன். என் அம்மா மரத்துக் காய், எவனும் எனக்காக வழி விட வேணாம்."

அவன் வண்டியைத் தாண்டிச் சுவரிலிருந்து இறங்கி நடந்தேன். ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னால் என்ஜின் உறுமியது. அண்ணன் பின்வாங்கி வந்துகொண்டிருந்தான். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். என் பக்கத்தில் வந்து நிறுத்தி, உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்தான்.

"ஏறு கழுதை."

"உன் தயவு வேணாம்."

"தயவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்த ஆளுக்காக நான் பின்னால போகல, அதப் போய் அவன்கிட்ட நல்லாச் சொல்லு. என் தங்கச்சி காய ஏத்திக்கிட்டு ஆலைக்குப் போறேன், அவ்வளவுதான். அது எனக்கும்தான் அம்மா மரம். ஏறு."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வழி திறந்ததும் லில்லோ வந்துவிட்டான். அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. அண்ணன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பின்னால் போகிறான். லில்லோ முன்னால் முன்னால் வருகிறான். இரண்டு வண்டியின் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. வளைவில் அண்ணன் முகத்தை முன்னே திருப்பும்போதெல்லாம் இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாக ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டார்கள். நடுவில் நான், மடியில் காய். ஆலை வரைக்கும் இதே கதை.

கடைசி வளைவில் அண்ணன் முறைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சுருக்கினான். லில்லோவின் கைக்குக் கீழே மினுங்கிய உருண்டையைப் பார்த்தான். அதற்குக் கீழே பார்த்தான்.

"அது யானோ கடை எஃகு உருண்டைல்ல?"

நான் மடியில் இருந்த காய்களைக் கிளறினேன்.

"உங்க வண்டி வளையம் வச்ச வண்டில்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான். வண்டி சுவரில் உரசியது, அப்போதும் நிற்கவில்லை. "அடப்பாவி! அடப்பாவி மச்சான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை, மாதா சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆலை முற்றத்தில் அண்ணன் வேண்டுமென்றே தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். மிச்சம் இருந்தது ஒரே இடம், கிடங்குச் சுவருக்கு நேரே. லில்லோ வேறு வழியில்லாமல் மூக்கைச் சுவரில் வைத்து நிறுத்தினான். பெட்டிகளை இறக்கினோம். ஒராட்சியா கையை உள்ளே விட்டு, முகத்தைச் சுளித்து, "கொஞ்சம் லேட்டுதான். பாப்போம்" என்று இயந்திரத்தில் கொட்டினாள்.

அதற்குள் அடுத்தவன் டிராக்டரோடு வந்துவிட்டான். "அந்தச் சாம்பல் வண்டிய எடுங்கப்பா!" என்று கத்தினாள் ஒராட்சியா.

லில்லோ வண்டியில் ஏறினான். என்ஜினைக் கிளப்பினான். உட்கார்ந்திருந்தான். டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான்.

அண்ணன் மெதுவாக நடந்து போய் ஜன்னலில் முழங்கையை ஊன்றினான். நாலு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர். "என்ன மச்சான், வண்டிய எடுக்கலியா?"

லில்லோ எதிரே இருந்த சுவரையே பார்த்தான்.

"இல்ல, சுவர இடிச்சுக்கிட்டு முன்னாலயே போகப் போறியா? ஒராட்சியாகிட்ட வேணா கேட்டுப் பாக்கறேன்." ஆலை ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லு மச்சான். 'எனக்குப் பின்னால போகத் தெரியல, தள்ளி விடு'ன்னு சொல்லு. நானே தள்ளி விடுறேன்."

முற்றமே சிரித்தது. நான் போய் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும்டா, வாய மூடு" என்று கத்தினேன். லில்லோ அந்த உருண்டையைத் திருகிக் கழற்றினான், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். கதவைத் திறந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், தூறலில் ஊரைப் பார்த்து நடந்தான். எஃகின் எடையில் அவன் கோட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

அண்ணன் சிரிப்பு அப்போதுதான் நின்றது. யாரும் சொல்லாமலே பானட்டில் தோளை வைத்து வண்டியைப் பின்னால் தள்ளினான். மற்றவர்களும் கை வைத்தார்கள்.

எண்ணெய் வந்தது. பச்சையாக, கெட்டியாக, குழாயிலிருந்து இறங்கியது. ஆலையில் புது எண்ணெயை அடுப்பில் சுட்ட ரொட்டியில் ஊற்றி உப்புப் போட்டு அங்கேயே நிற்கிறவர்களெல்லாம் ருசி பார்ப்பது வழக்கம். ஒராட்சியா தட்டை நீட்டினாள். அண்ணன் ஒரு துண்டு எடுத்தான். முதலில் மோந்தான். அந்த விருந்தில் மோந்த அதே மாதிரி. கடித்தான். மென்றான். தொண்டையில் காரம் ஏறி ஒரு தடவை இருமினான். ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. டின்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மொட்டைக் கம்பியின் திருகுமரை உள்ளங்கையை அறுத்தது. ஒவ்வொரு கியருக்கும் லில்லோவைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

பாதி ஏற்றத்தில் அவனைப் பார்த்தேன். நனைந்து போய், கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கிறான். நிறுத்த மனம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுவிட்டுப் போனவன்தானே. அவனைத் தாண்டி, தோப்பு வாசல் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

கண்ணாடியில் பார்த்தேன். அவனும் நின்றுவிட்டான். கற்சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டான், பாவி.

"பின்னால வா!" என்று கத்தினான்.

பிரேக்கை விட்டிருந்தால் போதும். ஏற்றம், வண்டி தானாக உருண்டு அவன் காலடியில் போய் நின்றிருக்கும். நான் கைப்பிரேக்கை இழுத்தேன்.

"பின்னால வர இந்த வண்டிக்கு வழி இல்ல!" தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "நீதான் அறுத்த! நடந்து வா!"

அவன் அசையவில்லை. நானும் அசையவில்லை. தூறல் மழையாகிவிட்டது. அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. சளி பிடித்தால் பத்து நாள் என் உயிரை வாங்குவான். கிடக்கட்டும் என்று ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எண்ணெய் என்ன ஆச்சு?" என்று கேட்டான், ஹாரன் சத்தத்துக்கு மேலே.

"வந்துச்சு."

"உன் அண்ணன் என்ன சொன்னான்?"

"ஏறு, சொல்றேன்."

சுவரிலிருந்து இறங்கி நடந்து வந்தான், அவசரப்படாமல், ஏதோ தானாகவே இந்தப் பக்கம் வர நினைத்தவன் மாதிரி. கதவைத் திறந்து ஈரத்தோடு சீட்டில் உட்கார்ந்தான். பையிலிருந்து உருண்டையை எடுத்துக் கோட்டு நுனியால் துடைத்து, கம்பியில் வைத்துத் திருகினான். கடைசிச் சுற்று வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லு."

"ஒண்ணும் சொல்லல."

தலையை ஆட்டினான், எதிர்பார்த்ததுதான் என்கிற மாதிரி. வெளியே பார்த்தான்.

"ரெண்டாவது துண்டு எடுத்தான்" என்றேன்.

லில்லோ சட்டென்று திரும்பினான். வாய் கோணியது, மூக்கு சிவந்தது. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், மழைத் தண்ணீரைத்தான் துடைக்கிறான் என்று நான் நினைக்கட்டும் என்று. வெகுநேரம் அந்த உருண்டையையே தடவிக்கொண்டிருந்தான். நான் கைப்பிரேக்கை விடுவித்து முதல் கியருக்காக அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"மூணாவது எடுக்கலியா?" என்றான்.